ஈயச் சொம்பு வெள்ளீயமா, காரீயமா? வீட்டிலேயே கண்டுபிடிக்கும் முறை

‘ஈயம்’ என்று நாம் வாய்நிறையச் சொல்வது மூன்று வெவ்வேறு உலோகங்களை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் இருப்பது காரீயம். சோறு வடிக்கிற ‘ஈயச் சட்டி’யோ பல வீடுகளில் வெறும் அலுமினியம். அலுமினியத்தைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், லேசாக இருக்கும். மற்ற இரண்டும்தான் ஆளை ஏமாற்றும். இரண்டும் வெண்சாம்பல் நிறம், இரண்டும் மெத்தென்றவை, இரண்டும் விறகடுப்பிலேயே உருகிவிடும். ஒன்றில் புளி ஊற்றிக் கொதிக்க வைக்கலாம். மற்றொன்றைச் சமையல்கட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி நடுவே ஈயச் சாமான்களும் கிடக்கும். பெரிய வீடுகளின் சாமான் அறையை ஒழிக்கும்போதும் அடியிலிருந்து ஒன்றிரண்டு வந்து நிற்கும். வட்டிக்கடை வைக்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன குடும்பங்களின் ஊர் இது. மலாயாவின் கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே வெள்ளீயம் அனுப்பிய இடம். அதனால் ‘மலாயா ஈயம்’ என்று விற்பவர் சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஆனால் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது எதில் வார்த்தது என்று முடிவு கட்ட முடியாது.

கலப்படத்துக்குக் காரணம் விலை. உலகச் சந்தையில் வெள்ளீயம் காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விலை போகிறது. கலந்தால் வார்ப்பதும் சுலபம். சுத்த வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், சுத்தக் காரீயம் 327-இல் உருகும். இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் 183-லேயே உருகிவிடும். ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய பற்றாசு (சால்டர்) ஏறக்குறைய இந்தக் கலவைதான். இரண்டையும் தனித்தனியே உருக்குவதைவிடக் கலவையை உருக்குவது எளிது என்பது வார்ப்பவருக்கு வசதி, சாப்பிடுகிறவருக்கு வினை.

காரீயம் ஏன் ஆகாது

புளி, எலுமிச்சை, தக்காளி, மோர், வினிகர் எல்லாமே காரீயத்தை மெல்லக் கரைக்கும். சூடும் காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கரைக்கும். வினிகரில் கரைந்தால் உண்டாகும் காரீய அசிட்டேட் இனிக்கும். அதற்கு ‘காரீயச் சர்க்கரை’ என்றே பழைய பெயர் உண்டு. எனவே ரசம் ருசியாக இருக்கிறது என்பதை வைத்துச் சொம்பு நல்லது என்று சொல்ல முடியாது. நாக்கு இந்த விஷத்தைக் காட்டிக்கொடுக்காது.

உடம்புக்குள் போன காரீயம் எலும்பில் தங்கும், பல வருஷம் கழித்தும் ரத்தத்தில் கசியும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து கருவுக்கும் போகும். இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான்.

வெள்ளீயம் அப்படியல்ல. அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் மெல்லிய புளிப்பைத் தாங்கும். கொஞ்சம் கரைந்தாலும் குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சாமல் வெளியே தள்ளிவிடும். தகர டப்பாவில் அடைத்த உணவில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்று உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் அனுமதிக்கிறது. காரீயத்துக்கு இப்படி ஒரு தாராளத்தை யாரும் காட்டமாட்டார்கள்.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை

முதலில் தாள். வெள்ளைத் தாளில் சொம்பின் அடி விளிம்பை அழுத்தி ஓர் இழுப்பு இழுங்கள். காரீயம் பென்சில் கோடு போலக் கரும்சாம்பலாக எழுதும். வெள்ளீயம் எழுதாது, அல்லது பார்க்கச் சிரமமான மங்கல் கோடு மட்டும் விழும். முன்னதாக விளிம்பின் அழுக்கையும் கரியையும் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கோடு போடுவது கரியாகத்தான் இருக்கும்.

அடுத்து கீறல். வெளியே தெரியாத இடத்தில், அடிப்பக்கம், ஆணி முனையால் ஒரு கோடு கிழியுங்கள். காரீயத்தின் புதுக் கீறல் நீலம் ஓடிய மினுக்கோடு இருக்கும், சில நாளில் மங்கிச் சாம்பலாகும். வெள்ளீயத்தின் கீறல் வெள்ளியைப் போல வெளுத்து, அப்படியே நிற்கும். கீறலில் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் அது ஈயமே அல்ல, ஈயம் பூசிய பித்தளை அல்லது செம்பு.

பாத்திரத்தின் மேல் மாவு மாதிரி வெண்சாம்பல் பொடி பூத்திருந்தால் காரீயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

கம்பியாகவோ கட்டியாகவோ வாங்கினால் இன்னொரு சோதனை இருக்கிறது. மெல்லிய வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் ‘கறுமுறு’ என்று சத்தம் வரும். உள்ளே படிகங்கள் மடங்கி நழுவுகிற சத்தம் அது. காரீயம் சத்தமில்லாமல் வளையும். காரீயம் கலந்திருந்தால் சத்தம் குறையும். சொம்பில் இதைச் செய்து பார்க்க முடியாது; வளைத்தால் சொம்பு போய்விடும்.

இந்தச் சோதனைகளெல்லாம் முழுக் காரீயத்தைப் பிடித்துவிடும். கால்வாசி, அரைவாசி கலந்ததைப் பிடிக்காது. அதற்குத் தண்ணீரில்தான் நிறுக்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை

ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம் எடை. அதே அளவு காரீயம் 11.3 கிராம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வீட்டுத் தராசே காட்டிவிடும். வேண்டியவை: 10 கிலோ வரை ஒவ்வொரு கிராமாகக் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு, சொம்பு முழுதும் மூழ்கும் ஆழமுள்ள பிளாஸ்டிக் வாளி, நைலான் நூல், குறுக்கே வைக்க ஒரு கம்பு.

1. சொம்பைக் கழுவி, கரி நீக்கி, நன்றாக உலர்த்தி எடை போடுங்கள். 640 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

2. வாளியில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். இரண்டு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் காற்றுக் குமிழி ஒட்டாது. தராசு காட்டும் எடையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூஜ்யமாக்கும் பட்டனை நம்பவேண்டாம், இந்த வகைத் தராசுகள் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அணைந்து எல்லாவற்றையும் மறந்துவிடும்.

3. இரண்டு நாற்காலிகளின் நடுவே தராசும் வாளியும் இருக்கட்டும். நாற்காலிகளின் மேல் குறுக்கே கம்பை வைத்து, அதிலிருந்து நூலில் கட்டிய சொம்பைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். சொம்பு முழுக்க மூழ்க வேண்டும். அடியையோ பக்கத்தையோ தொடவே கூடாது. கையால் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும்.

4. இறக்கும்போது சொம்பைச் சாய்த்து உள்ளே முழுக்கத் தண்ணீர் நிறையவிடுங்கள். கழுத்துக்குக் கீழே காற்று தங்கும், விரலை விட்டுத் தடவி வெளியேற்றுங்கள்.

5. இப்போது தராசு காட்டுவதிலிருந்து முதலில் எழுதிய எண்ணைக் கழியுங்கள். அந்த மிச்சம்தான் உலோகத்தின் பருமன், கன சென்டிமீட்டரில். சொம்பின் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

640 கிராம் சொம்புக்கு மிச்சம் 88 வந்தால் 640-ஐ 88-ஆல் வகுத்து 7.27. அது வெள்ளீயம். 72 வந்தால் 8.9, பாதிக்குப் பாதி காரீயம். 57 வந்தால் 11.2, முழுக் காரீயம். இடைப்பட்ட கலவைகளுக்கு: காரீயம் பத்து சதம் என்றால் 7.56, முப்பது சதம் என்றால் 8.16, நாற்பது சதம் என்றால் 8.5.

முதல் தடவை செய்கிறவர்கள் ஓர் எவர்சில்வர் சொம்பை வைத்துப் பழகிக்கொள்வது நல்லது. அதற்கு 7.7-க்கும் 8-க்கும் நடுவே வர வேண்டும். வரவில்லை என்றால் தராசிலோ கைப்பக்குவத்திலோ பிழை இருக்கிறது.

இதில் நடக்கும் தவறுகளில் ஒன்று ஆபத்தானது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் பருமன் கூடுதலாகத் தெரியும், அடர்த்தி குறையும், கலப்படச் சொம்பு சுத்த வெள்ளீயம் போல வேஷம் போடும். தவறு நம் பக்கம் சாதகமாகத் தெரிகிற திசையிலேயே போகிறது என்பதால் மூன்று தடவை செய்து, மூன்றிலும் கூடுதலாக வந்த அடர்த்தியைக் கணக்கில் எடுங்கள். சொம்பு அடியைத் தொட்டாலும் தவறு இதே திசையில்தான், ஆனால் மிச்சம் எக்கச்சக்கமாகக் கூடி, அடர்த்தி நாலு, மூன்று என்று நம்பவே முடியாத எண்ணாக வரும். அது உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு பொறி பித்தளை. அதன் அடர்த்தி 8.4 முதல் 8.7 வரை. உள்ளும் புறமும் ஈயம் பூசிய பித்தளைச் சொம்பும், நாற்பது சதம் காரீயம் கலந்த சொம்பும் தராசில் ஒரே எண்ணைக் காட்டும். அதனால்தான் ஆணிக் கீறலை முதலில் பார்க்கச் சொன்னது. தட்டியும் பார்க்கலாம்: பித்தளை கணீரென்று நீண்டு ஒலிக்கும், ஈயம் ‘டொக்’ என்று அடங்கிவிடும். பித்தளைக் கைப்பிடி வைத்த ஈயக் குவளைகளில் இந்தக் கணக்கே செல்லாது.

ஐந்து சதத்துக்குக் குறைந்த கலப்படம் இந்தத் தராசின் பிடிக்குள் வராது. ஒரு சதம் காரீயம் இருந்தாலும் அடர்த்தி 7.32-தான். வீட்டுத் தராசில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு சதமே சமையலுக்கு ரொம்ப அதிகம். எனவே தண்ணீர்ச் சோதனையில் தோற்றால் சொம்பைத் தள்ளிவிடலாம், தேறினால் அது பாதித் தேர்ச்சிதான். மீதிக்கு உலோகப் பரிசோதனைக் கூடம், அல்லது நகைக் கடைகளில் தங்கம் பார்க்கும் எக்ஸ்ரே காரட் மீட்டர். அந்த மீட்டரின் உலோகப் பட்டியலில் காரீயமும் வெள்ளீயமும் இருக்கின்றனவா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கத்துக்காக மட்டும் அமைத்த கருவி இரண்டையும் பேசாமல் விட்டுவிடும்.

புதிதாக வாங்கும்போது கடைக்காரரிடம் “அண்ணே, ஈயம்தானா?” என்று கேட்டுப் பயனில்லை. இரண்டுமே ஈயம்தான், அவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வராது. “வெள்ளீயம்னு பில்லுல எழுதித் தர்றீங்களா?” என்று கேளுங்கள். இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வெள்ளீயச் சொம்பில் ரசம்

இந்தச் சொம்புகள் சாவது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: வெறும் சொம்பை அடுப்பில் வைப்பது. கேஸ் தீயின் சூடு 232 டிகிரியைப் போலப் பல மடங்கு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை உலோகம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறாது, அதனால்தான் உருகாமல் நிற்கிறது. ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பு. தீ சொம்பின் அடி வட்டத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி, ரசம் தொடாத மேல் பாகத்தில் பட்டால் அந்த இடம் தொய்ந்து வளையும். சிறிய பர்னர், சிம்முக்கு ஒரு படி மேல், அவ்வளவு போதும்.

பருப்பையும் தக்காளியையும் வேறு பாத்திரத்தில் வேகவைத்துக்கொண்டு, சொம்பில் கடைசிக் கட்டத்தை மட்டும் செய்வது பாதுகாப்பு. மேலே நுரை கூடிப் பொங்க வருகிறபோது இறக்கிவிட வேண்டும், கொதித்து வற்றவிடக் கூடாது. தாளிப்பு இரும்புக் கரண்டியில் தனியாக. கடுகு வெடிக்கிற எண்ணெய் வெள்ளீயத்தின் உருகுநிலைக்கு ஆபத்தாக நெருங்கி நிற்கும்.

ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தால் வெள்ளீயமும் கூடுதலாகக் கரையும், ரசத்தில் தகரவாடை அடிக்கும். கழுவக் கம்பி நார் வேண்டாம், புளியும் சாம்பலும், அல்லது மெத்தென்ற நாரும் சோப்பும் போதும். உள்பக்கம் மங்கிப் போவதைப் பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். அந்த மங்கல்தான் மேலே சொன்ன காப்புப் படலம்.

பித்தளைக்கு ஈயம் பூசுகையில்

‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்பார்கள். ஆனால் புளிக்குழம்பு என்று வந்துவிட்டால் பித்தளை ஈயத்திடம்தான் போய் நிற்க வேண்டும். பூசாத பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். விசேஷத்துக்கு வளவில் (வீட்டு முற்றத்தில்) சமைக்கிற பெரிய அண்டாக்களில், உள்ளே சிவப்போ மஞ்சளோ திட்டுத்திட்டாகத் தெரிய ஆரம்பித்தால் மறு பூச்சுக்கு நேரமாகிவிட்டது.

பூசுகிறவர் முதலில் மணலும் புளியும், அல்லது அமிலமும் கொண்டு உள்பக்கத்தை உலோகம் தெரியத் துலக்குவார். துருத்தியோ ஊதும் மோட்டாரோ வைத்த கரி உலையில் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். அது படலத்தை அரித்து உலோகத்தைச் சுத்தமாக்குகிறது. உடனே ஈயக் குச்சியைத் தேய்த்து, உருகியதைப் பஞ்சாலோ துணியாலோ சுற்றி வழித்துப் பரப்புவார். சில நொடி வேலை. அந்தப் புகைக்கு நேர் எதிரே குழந்தைகளை நிறுத்த வேண்டாம்.

பூச்சு பிடிக்காமல் கறுப்புத் திட்டு விழுந்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம். உள்ளே மஞ்சளாகவோ நீலமாகவோ ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. முத்து முத்தாகத் திரண்டிருந்தால் வழித்த கை தாமதம். பூச்சுக்குப் பணம் கொடுக்குமுன் பாத்திரத்தைப் பார்ப்பதைவிட, பூசத் தொடங்குமுன் குச்சியைப் பார்ப்பது முக்கியம்: தாளில் இழுத்துப் பாருங்கள், வளைத்துக் காதில் வையுங்கள். பழைய பேட்டரியிலிருந்தோ மின்னணுச் சாமானிலிருந்தோ எடுத்த ஈயத்தை நிறையக் கலந்திருந்தால் அதில் ஓரளவு தெரியும், குறைவாகக் கலந்தது தெரியாது. கேட்டால் கோபிப்பார்கள் என்று தோன்றினால், வெள்ளீயக் குச்சியை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

ஓட்டை விழுந்த பாத்திரத்தைப் பற்றவைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சாதாரணப் பற்றாசில் ஏறக்குறைய நாற்பது சதம் காரீயம். சமையல் பாத்திரத்துக்குக் காரீயமில்லாத பற்றாசு கேளுங்கள். 99.3 சதம் வெள்ளீயமும் மீதி செம்பும் கொண்ட வகை 227 டிகிரியில் உருகும், கடைகளில் கிடைக்கிறது.

காரீயம் எதற்குத்தான் உதவும்

அதன் இடம் பேட்டரி. உலகில் எடுக்கும் காரீயத்தில் மிகப் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. காரைக்குடிக்கு இது அந்நியமான விஷயமல்ல: அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் ஆராய்ச்சித் துறைகளில் பேட்டரியும் உலோகப் பூச்சும் உண்டு. எக்ஸ்ரே அறைச் சுவரில் காரீயத் தகடு, மீன்வலைக்கு ஈயக் குண்டு, கல்லில் இரும்புக் கொக்கி நிறுத்தக் காய்ச்சி ஊற்றுவது என்று கனம் வேண்டிய இடங்களிலெல்லாம் அது வேலை செய்யும். பழைய பேட்டரியை உடைத்துக் காய்ச்சி வலைக்குண்டு வார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், புகையும் தூசியும் வீட்டுக்குள்தான் வந்து படியும். புது பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

சாமான் அறையை ஒழிக்கிறவர்கள் கவனிக்க: இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தால் எல்லாவற்றையும் ‘ஈயம்’ என்று காரீய விலைக்கே எடுப்பார். தனித்தனியாகப் பிரித்து, வெள்ளீயத்தை வெள்ளீயமாக விற்றால் அதே கனத்துக்குப் பல மடங்கு வரும். காரீயச் சாமான் விற்க மனமில்லை என்றால் கண்ணாடி அலமாரிக்குள் வையுங்கள். பூந்தொட்டியாகக்கூட ஆக்க வேண்டாம். எனாமல் தூக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் இந்தத் தராசுக் கணக்கு பொருந்தாது. பழைய பூச்சு வண்ணங்களில் காரீயம் இருக்கலாம் என்பதால் அவற்றில் ஊறுகாய் போடாமல் இருப்பது உத்தமம்.

இதுவரை சந்தேகச் சொம்பிலேயே ரசம் வைத்துச் சாப்பிட்டிருந்தால், முதலில் அந்தச் சொம்பைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். வீட்டில் சிறு பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருந்தால் ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனைக்கு மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே காரணத்தைத் தேடி நீக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நல்ல வெள்ளீயச் சொம்பு மறதியால் உருகிவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, கட்டியைச் சுரண்டி எடுத்து நிறுத்து வையுங்கள். அதையே மறுபடி சொம்பாக வார்த்துத் தருவார்கள். மேலே மிதக்கும் கசடாகக் கொஞ்சம் கழியும், அது இயல்பு. காரீயம் உருக்கிய சட்டியில் உங்கள் வெள்ளீயத்தைப் போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதுச் சொம்பு கைக்கு வந்ததும், ரசம் வைக்குமுன், வாளியையும் தராசையும் மறுபடி ஒரு தடவை வெளியே எடுங்கள்.